மூஞ்சிப்பெட்டிக்கு இட்ட பொட்டு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. வாசப்பக்கம் உட்காராதீங்க, ஸ்கூட்டர் சத்தத்துல பாதிக் கதை ரோட்டோட போயிடும். இன்னைக்கு ஒரு பொறாமைக்காரியோட கதை சொல்லப்போறேன். பொறாமைக்காரின்னதும் மூக்கைச் சுளிக்காதீங்க. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். கேட்டு முடிச்சா உங்களுக்கும் பிடிச்சாலும் பிடிக்கும்.

மும்பையில், தாராவி நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் மாரிசெல்விக்கு ஒரு கேம் கடை இருந்தது. நாலு டி.வி., ஒவ்வொரு டி.வி.க்கும் ஒரு கேம் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு ரிமோட். அவ்வளவுதான் கடை. பின்பக்கமே வீடு. புருஷன் ராஜபாண்டிக்குப் பாண்டுப்பில் பட்டறை வேலை. கடையைப் பார்ப்பதெல்லாம் அவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்றே தெரியாது. ஆடுகிறவன்கள் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே படித்துக்கொண்டாள். இப்போது சண்டை கேமில் அவளை ஜெயிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வெண்டைக்காய் நறுக்கின கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து உட்காருவாள். எதிரே உட்கார்ந்தவன் ரெண்டு ரவுண்டில் மல்லாந்து கிடப்பான்.

"மாரியக்கா கட்டைவிரலுக்குத் தனியா இன்ஷூரன்ஸ் எடுக்கணும்ப்பா" என்பான் யாசர். மாஹிமிலிருந்து நடந்தே வந்து ஆடுகிறவன், அவளுக்கு அடுத்தபடி கடையில் கெட்டிக்காரன்.

புதுப் பெட்டி, புது கேம் எது வந்தாலும் வாங்கலாமா வேண்டாமா என்று அவளைத்தான் கேட்பார்கள். வடாலாவிலிருந்துகூட வந்து கேட்பார்கள். அவள் தலையை ஆட்டினால் வந்தவன் வாங்குவான், உதட்டைப் பிதுக்கினால் பேசாமல் திரும்பிப் போவான். தீபாவளிக்கு இளைஞர் சங்கத்துப் பையன்கள் நடத்துகிற கேம் போட்டியும் வருஷா வருஷம் அவள் கடையில்தான். அன்றைக்குச் சந்து கொள்ளாத கூட்டம் நிற்கும். மாரிசெல்வி பட்டுப்புடவை கட்டி, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஏலே, அவன் கைய ஏம்ல தட்டுத?" என்று அதட்டுவாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஷட்டரைத் தூக்குகிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. மாமியார் முருகம்மாள் அந்தக் கடைக்குள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"அத்தே, ஒரு தடவ ஆடித்தான் பாருங்களேன்" என்று கூப்பிட்டால், "டொக்கு டொக்குன்னு அமுக்குத சோலிக்கு நான் வேறயாக்கும்" என்று வாசலோடு போய்விடுவாள்.

இப்படி இருக்கையில் கொழுந்தன் தமிழ்செல்வன் கல்யாணம் செய்துகொண்டான். கூட வேலை பார்த்த பெண். பெயர் வந்தனா. மாட்டுங்காவில் பாலக்காட்டுக் குடும்பம். ரெண்டு பேரும் செம்பூரில் வீடு எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாளிலும் தாராவிக்கு வந்துபோனார்கள். வந்தனாவுக்கு என்ன வேலை தெரியுமா? புதிதாக வருகிற கேம் சாமான்களை ஆடிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்கிற வேலை.

அதைக் கேட்டதுமே மாரிசெல்விக்குச் சுருக்கென்றது. அவள் சந்தில் நின்று சும்மா செய்கிற வேலை அது. இவளை ஏ.சி.யில் உட்கார வைத்துச் செய்யச் சொல்கிறார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தனா ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே வி.ஆர். ஹெட்செட். கண்ணையும் நெற்றியையும் மூடிக்கொண்டு, தலையைச் சுற்றிப் பட்டை போட்டு மாட்டிக்கொள்வது. மாட்டினால் டி.வி. எதுவும் வேண்டாம், ஆடுகிறவன் கேமுக்குள்ளேயே போய் நிற்பான்.

"விக்டோரியா வண்டிக் குதிரைக்குக் கண்ணுல கட்டுத பட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள் மாரிசெல்வி. தமிழ்செல்வன் சிரித்தான். வந்தனாவும் சிரித்தாள். அந்தப் பெண் எதற்கும் சிரித்துவிடும். அது மாரிசெல்விக்கு இன்னும் எரிச்சல்.

"அம்மா, நீங்க போட்டுப் பாருங்கோ" என்று வந்தனா அதை முருகம்மாள் தலையில் மாட்டினாள்.

மாமியார் "வேண்டாம்ட்டி" என்று தட்டிவிடப்போகிறாள் என்று மாரிசெல்வி கரண்டியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிவிடவில்லை.

"ஏ ஆத்தீ! கடலுக்குள்ளல்லா நிக்கேன்! எத்தத் தண்டி மீனு! ஏட்டி வந்தனா, கையப் புடி, கையப் புடி, மொகத்துக்கு நேரா வருது!"

முருகம்மாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு இல்லாத மீனைத் தடவினாள். மீன் போன திசைக்கெல்லாம் திரும்பினாள். சிரித்தாள் பாருங்கள், பொக்கை வாய் தெரிய அப்படியொரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை மாரிசெல்வி அதுவரை கண்டதே இல்லை. இத்தனை வருஷம் வாசலோடு போனவள், வந்து நாலு மாசம்கூட ஆகாதவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி, அந்தப் பெரிய மீன மட்டும் காட்டு" என்று கெஞ்சுகிறாள்.

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. மாரிசெல்விக்கு வாசனையே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜம்பு உள்ளே வந்தான். தீபாவளிப் போட்டிக்குப் பொறுப்பு அவன்தான். அவனும் மாட்டிப் பார்த்தான், குத்துச்சண்டை கேமில் ரெண்டு குத்து விட்டான், கழற்றினான். முகமெல்லாம் வெளிச்சம்.

"மாரியக்கா, ஏக்தம் ஜக்காஸ், செம சூப்பரு! இந்த வருஷம் போட்டிய இதுல வெச்சிரலாமா? சங்கத்து ஹால்ல எடம் இருக்கு. தாராவி முழுக்க அதே பேச்சாத்தான் இருக்கும்."

மாரிசெல்வி கரண்டியை வைத்தாள். "கண்ணுக்குக் காட்சி காட்டுது, சரி. கேமுக்கு ஆவாது."

"ஏங்க்கா?"

"ஆவாதுன்னா ஆவாது. மீன் பாக்கது வேற, சண்ட போடுதது வேற."

"மன்னி சொல்றதும் யோசிக்கவேண்டியதுதான்" என்றாள் வந்தனா. "எனக்கே சில சந்தேகம் இருக்கு. அதுக்குத்தானே ஆபீஸ்ல குடுத்திருக்கா."

இவள் ஆமாம் போட்டதும் மாரிசெல்விக்கு ஆகவில்லை. ஜம்பு தலையைச் சொறிந்தான். "அப்பச் சரி. விஜயதசமி அன்னைக்குக் காலையில கடையில வெச்சு நம்ம பயலுவள ஆடச் சொல்லிப் பாப்போம். பாத்துட்டு நீ சொல்லு. மாரியக்கா ஆவும்னா இது, ஆவாதுன்னா பழையபடி உன் கடை. ஒரே பேச்சு."

அன்றிலிருந்து மாரிசெல்விக்கு வேறு நினைப்பே இல்லை. கடையில் ஆள் குறைந்த நேரமெல்லாம் போனில் அந்த ஹெட்செட்டைப் பற்றி யார் யாரோ ஹிந்தியில் பேசுகிற வீடியோவாகப் போட்டுத் தள்ளினாள். நல்லது சொல்கிற இடம் வந்தால் விரலால் தள்ளிவிடுவாள். குறை சொல்கிற இடம் வந்தால் நிறுத்தி, திருப்பிப் போட்டுக் கேட்பாள். கனம் ஜாஸ்தி. சார்ஜ் நிற்காது. கண்ணாடி போட்டவனுக்கு இடிக்கும். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். ஒவ்வொன்றும் அவளுக்கு வெல்லக்கட்டி மாதிரி இனித்தது. போதாததற்கு அவளே ஒன்று கண்டுபிடித்தாள்.

"ஏலே யாசர், அந்த மூஞ்சிப்பெட்டிக்குள்ள பஞ்சு வெச்சிருக்கான் பாத்தியா? நம்ம ஆளுங்க நாப்பது பேரு தேங்காண்ணெத் தலையோட மாட்டிக் கழட்டுனா, நாப்பத்தொண்ணாவது ஆளு அதப் பிழிஞ்சு அப்பளம் பொரிக்கலாம்."

கடையே சிரித்தது. யாசர் மட்டும், "அக்கா, நீ ஒரு வாட்டியாவது போட்டுப் பாத்தியா?" என்று கேட்டான்.

"வெசத்தக் குடிச்சுப் பாத்துத்தான் வெசம்னு சொல்லணுமாக்கும்? ஆடுத வேலையப் பாரு."

போட்டுப் பார்க்கவில்லைதான். வந்தனா ரெண்டு தரம் கூப்பிட்டாள். "கையில மாவு" என்றாள் ஒரு தரம். "தலை குளிச்சிருக்கேன்" என்றாள் மறுதரம். மாமியார் சிரித்த சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை. அதே பெட்டியை மாட்டித் தானும் வாயைப் பிளந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

ஆயுத பூஜை வந்தது. கடையில்தான் பூஜை. டி.வி.யெல்லாம் துடைத்து, ஒயரெல்லாம் சுருட்டி, வாசலில் மாவிலை கட்டி, பொரிகடலை வைத்தாயிற்று. ராஜபாண்டி பட்டறையிலிருந்து ஸ்பேனரும் சுத்தியும் கொண்டுவந்து வைத்தான். தமிழ்செல்வன் லேப்டாப்பை வைத்தான். வந்தனா அந்த வெள்ளை ஹெட்செட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"ஏட்டி மாரி, எல்லாத்துக்கும் பொட்டு வையி. ஒண்ணு விடாம வையி" என்றாள் முருகம்மாள்.

மாரிசெல்வி சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டாள். டி.வி.க்கு நாலு மூலையிலும் பொட்டு. கேம் பெட்டிக்கு, ரிமோட்டுக்கு, மீட்டர் பெட்டிக்கு, ஷட்டருக்கு, சுத்திக்கு. கடைசியாக ஹெட்செட். அதன் முன்பக்கத்தில், மூலைக்கு ஒன்றாக, மிளகு மாதிரி நாலு கறுப்புப் புள்ளி இருந்தது. பொட்டு வைக்கவென்றே எவனோ இடம் விட்டு வைத்த மாதிரி. "உனக்கும் வந்த யோகத்தப் பாரு" என்று மனசுக்குள் முனகிக்கொண்டே, சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமத்தை அழுத்தினாள். மற்றதற்கெல்லாம் மோதிர விரலால் தொட்டு வைத்தவள், இதற்குக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினாள். கோபத்தை வேறெங்கே காட்டுவது, சொல்லுங்கள்.

சூடம் காட்டினார்கள். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள் அல்லவா? மறுநாள் காலை வரைக்கும் எல்லாம் அப்படியே இருந்தது. சந்தனம் நன்றாகக் காய்ந்து இறுகிவிட்டது.

விஜயதசமி. விடிந்ததுமே சந்தில் கூட்டம். முருகம்மாளும் வந்தனாவும் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருக்கும்போதே ஜம்புவுக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல கமிட்டி" என்று ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"என்னமோ இங்கிலீஷ்ல எழுதி வருதுக்கா."

"படில."

"யாரு படிக்க? அமுக்கித் தள்ளிட்டேன். ஆங், குத்துச்சண்ட வந்துட்டு." கையை ஓங்கினான். "அரே, என் கை எங்க போவுது? நான் இங்கன குத்துதேன், அது மேல பறக்கு! அய்யய்யோ, தரை சாயுது, புடிங்கடே!"

ஒரே பாய்ச்சலில் ஷட்டர் ஓரத்துத் தூணில் போய் மோதினான். சந்து முழுக்கச் சிரிப்பு. அடுத்தது யாசர். அவன் மாட்டிக்கொண்டு ஒரு குத்துக்கூட விடவில்லை. நின்ற இடத்திலேயே ஆடினான். "சக்கர் ஆத்தா ஹை, தலை சுத்துது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

மாரிசெல்விக்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்! தொண்டை வரை பாயசம் குடித்த மாதிரி. சொன்னதெல்லாம் பலித்துவிட்டது. ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, "நான் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலப்பா, நீங்களே பாத்துக்கிடுங்க" என்றாள்.

சத்தம் கேட்டு வந்தனா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பின்னாலேயே முருகம்மாள், சுண்டல் சட்டியோடு.

"என்ன ஆச்சு?"

"ஒங்க பெட்டிக்கு ஆயுத பூஜ ஒத்துக்கலம்மா" என்றான் ஜம்பு, தோளைத் தடவிக்கொண்டே.

வந்தனா வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒரு விநாடி. கழற்றிவிட்டாள். திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தாள். அவள் விரல் மெல்ல எழுந்து ஒரு பொட்டின்மேல் போனது. தொடப்போனது. அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தி முருகம்மாளைப் பார்த்தாள். மாமியார் நெற்றியில் பெரிதாக அதே குங்குமம். விரலை மடக்கிக்கொண்டு கையை இறக்கிவிட்டாள்.

"சார்ஜ் இறங்கிடுத்து போலிருக்கு" என்றாள். "ஆபீஸ்ல எல்லாரும் ஆடி ஆடி இதுக்கும் வயசாறது. மன்னி சொன்னது சரிதான்."

மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. மாரிசெல்வி கவனித்தாள். கட்டைவிரலை வைத்துப் பிழைக்கிறவள், இன்னொருத்தி விரல் என்ன செய்யப் பார்த்தது என்று அவளுக்கா தெரியாது? அந்த விரல் போன இடத்தைப் பார்த்தாள். நாலு பொட்டு. தள்ளித் தள்ளிவிட்ட வீடியோவில் எதிலோ ஒருத்தன் அரைகுறையாகச் சொன்னது இப்போது வந்து முட்டியது. அந்தப் பெட்டி முன்னால் இருக்கிற கேமராவை வைத்துத்தான் தரை எங்கே, சுவர் எங்கே, ஆடுகிறவன் கை எங்கே என்று பார்க்கிறது என்றான். அந்தக் கறுப்புப் புள்ளி நாலும் கேமரா. நாலையும் அடைத்தது அவள் கை.

வந்தனாவுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நல்ல நாளும் அதுவுமாக மாமியார் முன்னால் குங்குமத்தை அழிக்கக் கூடாது என்று, மூத்தவள் வைத்த பொட்டைக் குற்றம் சொல்லக் கூடாது என்று, பழியைப் பெட்டிமேல் போட்டுவிட்டு நிற்கிறாள்.

"அப்ப முடிஞ்சுது" என்றான் ஜம்பு. "நீ வாயால சொல்லிரு மாரியக்கா. கேமுக்கு ஆவுமா, ஆவாதா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீபாவளி, பட்டுப்புடவை, ஸ்டூல் எல்லாம் அவளுக்கே. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது வந்தனா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பரவாயில்லை, சொல்லிக்கோங்கோ என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

கண்ணுகளா, இந்த இடத்தில் நம்ம மாரிசெல்வி மனசு உருகிப்போச்சு, திருந்திட்டான்னு நான் சொன்னா அது பொய். உருகவெல்லாம் இல்லை. பற்றிக்கொண்டு எரிந்தது. மாமியாரைச் சிரிக்க வைத்த பேரும் இவளுக்கு, படிப்பு இவளுக்கு, செம்பூர் வீடு இவளுக்கு. இப்போது விட்டுக்கொடுத்த பேரும் இவளுக்கேவா? இவள் போட்ட பிச்சையில் நான் தீபாவளி கொண்டாடணுமா?

விருட்டென்று எழுந்து, ஹெட்செட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். முந்தானையை எச்சில் தொட்டு, முதல் பொட்டைத் துடைத்தாள்.

"ஏட்டி!" முருகம்மாள் அலறினாள். "நல்ல நாளும் பொழுதுமா குங்குமத்த அழிக்க? கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"கண்ண அடச்சி வெச்சிருக்கேன் அத்தே. அது எப்படிப் பாக்கும்?" நிமிராமல் ரெண்டாவதையும் துடைத்தாள். "பெட்டிமேல குத்தம் இல்லடே ஜம்பு. இது நாலும் அதுக்குக் கண்ணு. நாந்தான் தெரியாம சந்தனத்த அப்பிட்டேன். ஏட்டி வந்தனா, ஒனக்குத் தெரிஞ்சுதா இல்லியா? நெசத்தச் சொல்லு."

வந்தனா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரிஞ்சுது."

"பொறவு என்ன மண்ணுக்குச் சார்ஜு, வயசுன்னு கத விட்ட?"

"அம்மா மனசு கஷ்டப்படும்னு..."

"எங்க அத்தைய நான் பாத்துக்கிடுதேன்." நாலும் துடைத்தாயிற்று. மீதிக் குங்குமத்தை எடுத்துத் தலையைச் சுற்றி வரும் பட்டையில் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தாள். "இந்தா அத்தே, பின்னந்தலையில வெச்சிட்டேன். சாமி அங்கயும் இருக்கும்." முருகம்மாள் முணுமுணுத்துக்கொண்டே சுண்டலைக் கிண்டினாள்.

பிறகு யாரும் சொல்லாமல் மாரிசெல்வி தானே அதைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

கடை போய்விட்டது. எதிரே ஒரு தடியன் கையுறை மாட்டிக்கொண்டு நின்றான். அவள் பழக்கத்தில் கட்டைவிரலை ஆட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. தடியன் அவள் மூக்குக்கு நேரே ஒன்று விட்டான். நிஜமாகவே பின்னால் சாய்ந்தாள். பிறகுதான் கை முழுவதையும் வீச வேண்டும் என்று புரிந்தது. வீசினாள். முதல் குத்து காற்றில் போனது, ரெண்டாவதும் போனது, மூன்றாவது அவன் தாடையில் இறங்கியது. கொண்டை அவிழ்ந்தது. வளையல் குலுங்கியது. வெளியே கூட்டம் கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது. கடைசியில் தோற்றுத்தான் போனாள். ஆனால் கழற்றும்போது மூச்சு வாங்கிற்று, முகமெல்லாம் வேர்வை, வாய் காது வரை விரிந்திருந்தது. அவசரமாக மூடிக்கொண்டாள். யாசர் பார்த்துவிட்டான்.

"என்னக்கா?" ஜம்பு பக்கத்தில் வந்தான். "ஆவுமா?"

அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? கொண்டையை முடிந்தாள். வேர்வையைத் துடைத்தாள். நாலு டி.வி.யையும் ஒரு தரம் பார்த்தாள்.

"ஆவும்" என்றாள். "கேமுக்கு ஆவும். நல்லாவே ஆவும். ஹால்ல வெச்சிக்கோங்க." பிறகு நிறுத்தி, "ஆனா கேட்டுக்கோ. மாட்டுனவனுக்குத்தான் கேம். வரிசையில நிக்குதவனுக்கு இவன் பைத்தியம் மாதிரி காத்தக் குத்துததுதான் தெரியும். பக்கத்துல ஒக்காந்து ஒருத்தன ஒருத்தன் ஏசிக்கிட்டு ஆடுத சொகம் இதுல கெடையாது. அதையும் சேத்துச் சொல்லிட்டேன்."

"எங்க ஆபீஸ்ல யாருமே இதைச் சொல்லலை மன்னி" என்றாள் வந்தனா, கண்ணை விரித்து.

"ஒங்க ஆபீஸ்ல எவன் வரிசையில நின்னான்?"

கூட்டம் ஹாலைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தது. போட்டி கையை விட்டுப் போய்விட்டது. மாரிசெல்வி ரிமோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். வந்தனா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மன்னி, நீங்க சொல்லியிருக்க வேண்டாம்."

"நீ சொல்லாம இருந்துட்டு நல்லவ ஆயிருவ, நான் சும்மா இருப்பேன்னு நெனச்சியாக்கும்?" மாரிசெல்வி திரும்பாமலே சொன்னாள். "என்னமோ பெரிய இவ மாதிரி சிரிச்சல்லா, அத மட்டும் இனி எங்கிட்ட வெச்சிக்கிடாத. கோவம் வந்தா ஏசு. நானும் ஏசுதேன். வீடுன்னா அப்படித்தான்."

வந்தனா ஒரு ரிமோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "அந்தத் தேங்காயெண்ணெய், அப்பளம் விஷயம்... எனக்கு ரொம்பக் கோவம் வந்தது மன்னி. யாசர் சொன்னான். ராத்திரி பூரா தூங்கலை" என்றாள்.

மாரிசெல்வி திரும்பி அவளைப் பார்த்தாள். முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். "அப்ப நீயும் மனுஷிதான்" என்றாள். "தீபாவளிக்கு அந்த ஹால்ல நாப்பது தடிமாட்ட நீ எப்படி வரிசையில நிறுத்துவ? ஒன்னய ஏறி மிதிச்சிட்டுப் போயிருவானுவ. நான் வந்து நிக்கேன். ஆளுக்கொரு துணியத் தலையில கட்டிட்டுத்தான் மாட்டணும், இல்லன்னா எறங்குன்னு சொல்லிருவேன்."

"வாங்கோ மன்னி."

"வருவேன். ஒனக்காவ இல்ல."

பொறாமை போயிடுச்சான்னு கேக்கறீங்களா? போகலை கண்ணுகளா. அன்றைக்குச் சாயங்காலம் முருகம்மாள், "ஏட்டி வந்தனா, அந்த மீன ஒரு தடவ" என்றபோது மறுபடி சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் தன் கையால் அடைத்த கண்ணைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள். மறைத்து ஜெயித்தோம் என்கிற முள் அவள் நெஞ்சில் இல்லை. வயிறு எரிந்தாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

கேட்ட நீங்களும் நல்லா இருக்கணும். உங்க வீட்டுக் குழாயில தண்ணி நிக்காம வரணும். அடுப்பு அணையக் கூடாது. வந்த மருமகளும் இருந்த மருமகளும் வாய்விட்டு ஏசி, வாய்விட்டுச் சிரிச்சு ஒரே தட்டுல சுண்டல் தின்னணும். உங்க வீட்டு ஆளுங்க கண்ணுல எதுவும் மறைக்காம, உள்ளது உள்ளபடி தெரியணும். போயிட்டு வாங்க கண்ணுகளா, நல்லா இருங்க.